வெப் அப்ளிகேஷனிலிருந்து ஸ்டோர்டு புரொசீஜரை அழைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஸ்டோர்டு புரொசீஜர் என்பது டேட்டாபேஸுக்குள்ளேயே ஒரு பெயரில் சேமித்து வைக்கும் கட்டளைத் தொகுப்பு. அதை அழைக்கும் கோட் எந்த மொழியில் எழுதினாலும் பத்துப் பதினைந்து வரிக்குள் முடிந்துவிடும். தேடினால் கிடைக்கும், ஒட்டினால் ஓடும். லைவ் போன பிறகு வருகிற தலைவலிகள் பெரும்பாலும் அந்த வரிகளுக்குள் இருப்பதில்லை. அப்ளிகேஷனும் டேட்டாபேஸும் சந்திக்கிற எல்லையில் யார் எதற்குப் பொறுப்பு என்று பேசி முடிக்காததால்தான் அவை வருகின்றன. மதிப்பு எந்த டைப்பில் போகிறது, நல் (null, அதாவது மதிப்பே இல்லாத நிலை) போனால் என்ன அர்த்தம், தப்பு நடந்தால் எப்படித் தெரியும், டிரான்சாக்ஷனை (முழுதும் நடக்க வேண்டும், இல்லையென்றால் எதுவுமே நடக்கக் கூடாது என்று ஒன்றாகக் கட்டிய வேலையை) யார் திறப்பது யார் மூடுவது, இதையெல்லாம் முதலிலேயே தீர்மானித்துவிட்டால் அழைப்பு சின்ன வேலை. அதனால் இங்கே அந்த ஒப்பந்தத்துக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதன்மை உதாரணம் எஸ்க்யூஎல் சர்வரும் சி ஷார்ப்பும். மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ், ஆரக்கிள், ஜாவா, நோட் பக்கம் எங்கே வேறுபடுகிறது என்று அப்புறம் சொல்கிறேன். கட்டளைகளை உச்சரிப்பாகத் தமிழில் எழுதியிருக்கிறேன், எடிட்டரில் வழக்கமான எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

எப்போது புரொசீஜர், எப்போது வேண்டாம்

எல்லாவற்றையும் புரொசீஜராக்க வேண்டியதில்லை. ஐடியைக் கொடுத்து ஒரு வரிசையை எடுக்கும் சாதாரண செலக்டைப் புரொசீஜருக்குள் போட்டு ஒரு லாபமும் இல்லை, பராமரிக்க இன்னொரு ஃபைல்தான் கூடும். "புரொசீஜர் என்றாலே வேகம்" என்று இன்னமும் சொல்கிறார்கள், அதையும் அப்படியே நம்ப வேண்டாம். பாராமீட்டர் வைத்து அனுப்பும் சாதாரண குவெரியின் எக்ஸிக்யூஷன் பிளானையும் (குவெரியை எப்படி ஓட்டுவது என்று சர்வர் போடும் திட்டம்) எஸ்க்யூஎல் சர்வர் சேமித்து வைத்துத் திரும்பப் பயன்படுத்துகிறது. உண்மையான லாபம் வேறு இடத்தில் இருக்கிறது: நாலு டேபிளை ஒரே மூச்சில் மாற்ற வேண்டிய வேலையை நாலு தடவை நெட்வொர்க்கில் போய் வராமல் ஒரே அழைப்பில் முடிக்கலாம், ஒரே விதியை வெப், மொபைல் ஏபிஐ, இரவு ஜாப் மூன்றும் பகிர்ந்துகொள்ளலாம், அப்ளிகேஷன் அக்கவுண்டுக்கு டேபிளைத் தொடும் அனுமதியே கொடுக்காமல் வைக்கலாம்.

அடிக்கடி மாறும் வணிக விதிகளை மட்டும் புரொசீஜருக்குள் குவிக்காதீர்கள். நாளை டேட்டாபேஸையே மாற்றும் வாய்ப்பு இருந்தாலும் யோசியுங்கள். எஸ்க்யூஎலைட்டில் ஸ்டோர்டு புரொசீஜர் என்பதே கிடையாது, ஆகவே டெஸ்டுக்கு அதையும் லைவுக்கு வேறொன்றையும் வைத்திருப்பவர்களின் டெஸ்ட் இந்த அழைப்புகளைத் தொடவே தொடாது.

முதல் படி: அழைக்கத் தகுந்த புரொசீஜர்

நூலக அப்ளிகேஷன் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். உறுப்பினர் ஒரு புத்தகத்தை எடுக்கிறார். பிரதி இருக்கிறதா பார்க்க வேண்டும், எண்ணிக்கையில் ஒன்று குறைக்க வேண்டும், வழங்கல் டேபிளில் ஒரு வரிசை சேர்க்க வேண்டும், அந்த வரிசையின் ஐடியைத் திருப்பித் தர வேண்டும். புரொசீஜரின் பெயர் புத்தகம்_வழங்கு. உள்ளே வருபவை @புத்தக_ஐடி, @உறுப்பினர்_ஐடி, @குறிப்பு. வெளியே போவது @வழங்கல்_ஐடி, அதை அவுட்புட் என்று அறிவிக்க வேண்டும். பெயரை எஸ்பி அண்டர்ஸ்கோர் என்று தொடங்காதீர்கள், அது சிஸ்டம் புரொசீஜர்களின் முன்னொட்டு, சர்வர் மாஸ்டர் டேட்டாபேஸிலும் போய்த் தேடும்.

பாராமீட்டர் டைப்பை அறிவிக்கும் இடத்தில் அவசரப்படாதீர்கள், சத்தமில்லாமல் டேட்டா கெட்டுப்போவது இங்கேதான். நீளம் சொல்லாமல் வெறும் வார்ச்சார் என்று அறிவித்தால் அதன் நீளம் 1, அதாவது முதல் எழுத்து மட்டும் உள்ளே வரும். வார்ச்சார் 20 என்று அறிவித்து 35 எழுத்து அனுப்பினால் எரர் வராது, 20-ல் வெட்டிவிட்டு வேலை தொடரும். டெசிமல் என்று மட்டும் போட்டால் அது டெசிமல் 18, 0 ஆகிவிடும், புள்ளிக்குப் பின்னால் இருப்பது போய்விடும். தமிழ்ப் பெயர்களோ குறிப்புகளோ வரும் பாராமீட்டர் என்வார்ச்சாராக இருக்க வேண்டும். வழக்கமான கொலேஷன்களில் (எழுத்துகளைச் சேமித்து ஒப்பிடும் விதிகள்) வார்ச்சாராக வைத்தால் எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறியாகச் சேமிக்கப்படும், சேமித்த பிறகு மீட்க வழியில்லை. அதே சமயம், டேபிள் காலம் (column) வார்ச்சாராக இருந்து பாராமீட்டர் என்வார்ச்சாராக இருந்தால் சர்வர் காலத்தை மாற்றிப் பார்த்து ஒப்பிடும், கொலேஷனைப் பொறுத்து நல்ல இண்டெக்ஸ் இருந்தும் முழுதாகத் துழாவும். பாராமீட்டரும் காலமும் ஒரே டைப், ஒரே நீளம். இந்த விஷயத்தில் சமரசமே வேண்டாம்.

உள்ளே முதல் வரி செட் நோகவுண்ட் ஆன். இல்லையென்றால் ஒவ்வொரு கட்டளைக்கும் "இத்தனை வரிசை பாதிக்கப்பட்டது" என்ற செய்தி கிளையண்டுக்குப் போய்க்கொண்டே இருக்கும், சில டிரைவர்கள் அதை ரிசல்ட் என்று நினைத்துக் குழம்பும். இரண்டாவது வரி செட் எக்ஸாக்ட் அபார்ட் ஆன் (XACT_ABORT). இதன் காரணத்தை டைம்அவுட் வரும்போது சொல்கிறேன், இப்போதைக்கு மறக்காமல் போட்டுவிடுங்கள்.

அப்புறம் முக்கியமான இடம். நிறையப் பேர் எழுதுவது இப்படி: முதலில் செலக்ட் செய்து பிரதி எண்ணிக்கையை ஒரு வேரியபிளில் எடுப்பது, இஃப் போட்டு பூஜ்யத்தைவிடப் பெரிதா என்று பார்ப்பது, பெரிதென்றால் அப்டேட். தனியாக ஓட்டிப் பார்த்தால் சரியாகவே வேலை செய்யும். ஆனால் கடைசிப் பிரதிக்கு இரண்டு பேர் ஒரே நேரத்தில் பட்டனை அழுத்தினால் இருவரின் செலக்டும் 1 என்று படிக்கும், இருவரின் அப்டேட்டும் ஓடும், எண்ணிக்கை மைனஸ் 1 ஆகும். ஆகவே நிபந்தனையை அப்டேட்டுக்குள்ளேயே வையுங்கள்:

அப்டேட் புத்தகங்கள் செட் பிரதி = பிரதி - 1 வேர் ஐடி = @புத்தக_ஐடி அண்ட் பிரதி > 0;

அடுத்த வரியிலேயே @@ரோகவுண்ட் (கடைசிக் கட்டளை எத்தனை வரிசையைத் தொட்டது என்ற எண்) பூஜ்யமா என்று பாருங்கள். பூஜ்யம் என்றால் பிரதி இல்லை, அல்லது அப்படி ஒரு புத்தகமே இல்லை. இரண்டாவதாக வந்தவரின் அப்டேட் முதல் ஆளின் லாக் (அந்த வரிசையை மற்றவர் மாற்றாமல் பிடித்திருக்கும் பூட்டு) விடும்வரை காத்திருந்து, பிறகு நிபந்தனையைப் புதிதாகச் சோதித்து, ஒன்றும் கிடைக்காமல் திரும்பும். @@ரோகவுண்ட் அடுத்த கட்டளையிலேயே மாறிவிடும், ஒருமுறைக்கு மேல் தேவையென்றால் உடனே வேரியபிளில் பிடித்துக்கொள்ளுங்கள்.

பூஜ்யமாக வந்தால் த்ரோ 50001, கூடவே ஒரு செய்தி, கடைசியில் ஸ்டேட் எண் 1. நாமாக எறியும் எரர் எண் 50000 அல்லது அதற்கு மேல் இருக்க வேண்டும். த்ரோவுக்கு முந்தைய கட்டளை செமிகோலனில் முடிய வேண்டும். பாதிக்கப்பட்ட வரிசை இருந்தால் இன்சர்ட் செய்து, புதிய ஐடியை ஸ்கோப் ஐடென்டிட்டி வழியாக எடுத்து அவுட்புட் பாராமீட்டரில் போடுங்கள். @@ஐடென்டிட்டி வேண்டாம். அந்த டேபிளில் நாளைக்கு யாராவது ஒரு டிரிகர் (டேபிள் மாறும்போது தானாக ஓடும் கோட்) வைத்து அது வேறொரு டேபிளில் இன்சர்ட் செய்தால், அந்த வேறு டேபிளின் ஐடிதான் உங்களுக்கு வரும்.

இதையெல்லாம் பிகின் டிரை, பிகின் டிரான், கமிட், எண்ட் டிரை என்று சுற்றி, கேட்ச் பகுதியில் @@டிரான்கவுண்ட் பூஜ்யத்தைவிடப் பெரிதென்றால் ரோல்பேக் (செய்த மாற்றங்களை எல்லாம் திரும்பப் பெறுவது), அப்புறம் வெறும் த்ரோ. கேட்ச் பகுதியில் எரரை விழுங்கிவிட்டு "வெற்றி 0, தோல்வி 1" என்று செலக்ட் செய்து அனுப்பும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது, தயவுசெய்து வேண்டாம். அழைப்பவர் அந்த எண்ணைப் பார்க்க மறந்தால் தோல்வி வெற்றியாகத் திரையில் காட்டப்படும். எறியப்பட்ட எரரைக் கவனிக்காமல் தாண்டிப்போவது அவ்வளவு எளிதில்லை.

இரண்டாம் படி: அனுமதி

அப்ளிகேஷன் இணையும் அக்கவுண்டை டேட்டாபேஸ் ஓனராக வைக்காதீர்கள். தனி யூசர், அவருக்கு கிராண்ட் எக்ஸிக்யூட், அவ்வளவுதான். புரொசீஜரும் டேபிளும் ஒரே உரிமையாளருடையதாக இருக்கும்வரை, புரொசீஜரை ஓட்ட அனுமதி இருந்தால் போதும், டேபிளுக்குத் தனியாக அனுமதி தேவையில்லை. இதனால் அப்ளிகேஷனின் வேறொரு மூலையில் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் (உள்ளீட்டில் கட்டளையை நுழைத்து ஓட்டவைக்கும் தாக்குதல்) ஓட்டை இருந்தாலும் அந்த அக்கவுண்டால் டேபிளை நேரே படிக்க முடியாது.

ஒரு விதிவிலக்கு: புரொசீஜருக்குள்ளே சரத்தை ஒட்டி டைனமிக் எஸ்க்யூஎல் ஓட்டினால் ஒரே உரிமையாளர் என்ற அந்தச் சங்கிலி அறுந்துவிடும், டேபிள் அனுமதி இல்லை என்று எரர் வரும். அதைச் சரிசெய்ய உடனே டேபிள் அனுமதியைக் கொடுத்துவிடாதீர்கள், முதலில் அந்த டைனமிக் பகுதி தேவையா என்று பாருங்கள். தேவைதான் என்றால், மதிப்புகளை ஒட்டாமல் எஸ்பி_எக்ஸிக்யூட்எஸ்க்யூஎல் வழியாகப் பாராமீட்டராகவே அனுப்புங்கள். வெளியிலிருந்து எவ்வளவு பாதுகாப்பாக அழைத்தாலும், உள்ளே வந்த மதிப்பைச் சரத்தோடு ஒட்டி ஓட்டினால் இன்ஜெக்ஷன் இன்ஜெக்ஷன்தான்.

மூன்றாம் படி: அழைப்பு

கனெக்ஷனைத் தாமதமாகத் திற, சீக்கிரம் மூடு. சி ஷார்ப்பில் யூஸிங்குக்குள் எஸ்க்யூஎல்கனெக்ஷனைத் திறந்தால் எரர் வந்தாலும் அது பூலுக்கு (திரும்பப் பயன்படுத்த வைத்திருக்கும் கனெக்ஷன்களின் தொகுப்பு) திரும்பிப் போய்விடும். பூலின் அதிகபட்ச அளவு இயல்பாக 100. மூடாமல் கசியவிட்டால் கொஞ்ச நேரம் எல்லாம் நன்றாக ஓடும், பிறகு புதிதாக வரும் ரிக்வெஸ்டுகள் 15 விநாடி காத்திருந்து, பூலிலிருந்து கனெக்ஷன் கிடைக்கவில்லை என்று விழும். ஸ்டாட்டிக் வேரியபிளில் ஒரே கனெக்ஷனை வைத்து எல்லா ரிக்வெஸ்டுக்கும் பயன்படுத்துவது அதைவிட மோசம், ஒரு கனெக்ஷன் ஒரே நேரத்தில் பல திரெட்டுக்கு உரியதில்லை. புதிய கிளையண்ட் லைப்ரரிக்கு மாறுபவர்களுக்கு ஒரு தகவல்: மைக்ரோசாஃப்ட் டேட்டா எஸ்க்யூஎல்கிளையண்டின் 4.0 பதிப்பிலிருந்து என்க்ரிப்ஷன் இயல்பாகவே ஆனில் இருக்கிறது, லோக்கல் சர்வரில் நம்பகமான சான்றிதழ் இல்லையென்றால் கனெக்ஷன் திறக்கும்போதே எரர் வரும், புரொசீஜரில் குறை தேட வேண்டாம்.

எஸ்க்யூஎல்கமாண்டில் கமாண்ட் டெக்ஸ்டாகப் புரொசீஜரின் பெயரை மட்டும் கொடுங்கள், முன்னால் டிபிஓ என்ற ஸ்கீமா பெயரோடு. கமாண்ட் டைப்பை ஸ்டோர்டுபுரொசீஜர் என்று மாற்றுங்கள். இதை மறந்தால் அது சாதாரண டெக்ஸ்டாக ஓடும், நீங்கள் அழகாகச் சேர்த்த பாராமீட்டர் எதுவும் புரொசீஜருக்குப் போகாது, "இந்தப் பாராமீட்டர் தரப்படவில்லை" என்ற எரர் 201 வரும்.

201 வரும் இன்னொரு வழியும் உண்டு, இது நிறையப் பேரை அலைய வைக்கிறது. பாராமீட்டரின் வேல்யூவில் சி ஷார்ப்பின் நல் போட்டால், ஏடிஓ டாட்நெட் (டாட்நெட்டின் டேட்டாபேஸ் லைப்ரரி) அதை "மதிப்பே தரவில்லை" என்று எடுத்துக்கொள்கிறது. டேட்டாபேஸ் நல்லை அனுப்ப வேண்டுமென்றால் டிபிநல் டாட் வேல்யூ. நமது @குறிப்பு காலியாக இருக்கலாம் என்றால் அந்த இடத்தில் இரட்டைக் கேள்விக்குறி போட்டு, நல் வந்தால் டிபிநல் என்று எழுதுங்கள்.

பாராமீட்டர் சேர்க்கும்போது ஆட்வித்வேல்யூவைத் தவிர்த்து, ஆட் முறையில் பெயர், எஸ்க்யூஎல்டிபிடைப், நீளம் மூன்றையும் சொல்லுங்கள். இரண்டு வரி கூடும், ஆனால் டைப்பை யூகிக்கும் வேலை லைப்ரரியிடம் போகாது. கன்ஸ்ட்ரக்டரிலேயே எழுதுபவர்கள் இதையும் கவனிக்க வேண்டும்: நியூ எஸ்க்யூஎல்பாராமீட்டர் என்று எழுதி பெயருக்குப் பக்கத்தில் வெறும் 0 கொடுத்தால், கம்பைலர் அந்த 0-வை மதிப்பாகப் பார்க்காமல் டைப்பைக் குறிக்கும் எண்ணாக (enum) எடுத்துக்கொள்ளும், மதிப்பு காலியாகவே போகும். 1 கொடுத்தால் சரியாக வேலை செய்வதால் இது கண்ணில் படவே நாளாகும்.

@வழங்கல்_ஐடிக்கு டைரக்ஷன் அவுட்புட். சரமாகத் திரும்பும் அவுட்புட் என்றால் சைஸ் கட்டாயம், இல்லையென்றால் சைஸ் 0 செல்லாது என்று விழும். பிறகு எக்ஸிக்யூட்நான்குவெரிஅசிங்க், அது முடிந்ததும் பாராமீட்டரின் வேல்யூவைப் படித்துக்கொள்ளலாம். நான்குவெரி திருப்பித் தரும் எண்ணை வைத்து வெற்றி தோல்வி முடிவு செய்யாதீர்கள், நோகவுண்ட் ஆனில் இருக்கும்போது அது மைனஸ் 1 என்றுதான் வரும்.

வரிசைகளைத் திருப்பும் புரொசீஜர் என்றால் எக்ஸிக்யூட்ரீடர். ஒரே அழைப்பில் இரண்டு மூன்று ரிசல்ட் செட் வந்தால் முதலாவதை முழுதும் படித்துவிட்டு நெக்ஸ்ட்ரிசல்ட். பக்கம் பக்கமாகக் காட்டும் பட்டியலில் வரிசைகள் ரிசல்ட் செட்டாகவும் மொத்த எண்ணிக்கை அவுட்புட்டாகவும் வருவது வழக்கம். அப்போது ரீடரை மூடிய பிறகுதான் அவுட்புட் மதிப்பு நிரம்பும், நடுவில் பார்த்தால் காலி. டேட்டா வரும் முறையே அப்படித்தான், வரிசைகள் முன்னால், அவுட்புட் கடைசியில்.

ரிட்டர்ன் மதிப்பு தனி. அது முழு எண் மட்டுமே, நிலையைச் சொல்ல வைத்தது. அதில் ஐடியைத் திணிக்காதீர்கள்.

தப்பு நடந்தால்

எரர் எண்ணை வைத்துப் பிரியுங்கள், செய்தியின் வாசகத்தை வைத்து வேண்டாம். 50001 நாம் எறிந்தது, யூசருக்கு "பிரதி இல்லை" என்று காட்டலாம், ஏபிஐ என்றால் எச்டிடிபி நிலை எண் 409 பொருத்தமாக இருக்கும். 2627, 2601 இரண்டும் ஒரே மதிப்பு இரண்டாம் முறை சேர்க்கப்பட்டதைச் சொல்பவை, பெரும்பாலும் யாரோ பட்டனை இரண்டு தடவை அழுத்தியிருப்பார்கள். 1205 டெட்லாக், அதாவது இரண்டு டிரான்சாக்ஷன்கள் ஒன்றின் லாக்குக்காக மற்றொன்று காத்து நிற்பது: உங்கள் டிரான்சாக்ஷன் பலியிடப்பட்டு முழுதும் ரோல்பேக் ஆகிவிட்டது, ஆகவே முழு அழைப்பையும் கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி முயலலாம். 2812 புரொசீஜரையே காணோம், ஸ்கீமா பெயரையும் எந்த டேட்டாபேஸில் இணைந்திருக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். 229 அனுமதி இல்லை. நாமாக எறிந்ததைத் தவிர மற்ற எந்தச் செய்தியையும் யூசர் திரைக்கு அப்படியே அனுப்பாதீர்கள், டேபிள் பெயரும் காலம் பெயரும் அதில் இருக்கும்.

டைம்அவுட்டுக்கு வருவோம். கமாண்ட் டைம்அவுட் இயல்பாக 30 விநாடி, இது கனெக்ஷன் டைம்அவுட்டிலிருந்து வேறு. 30 விநாடி தாண்டியதும் கிளையண்ட் "நிறுத்து" என்று சிக்னல் அனுப்புகிறது, சர்வர் அப்படியே நிறுத்துகிறது, புரொசீஜரின் கேட்ச் பகுதி ஓடவே ஓடாது. அதனால் அங்கே எழுதிய ரோல்பேக்கும் ஓடாது. எக்ஸாக்ட் அபார்ட் ஆனில் இல்லையென்றால் டிரான்சாக்ஷன் திறந்தபடியே, லாக்குகளைப் பிடித்தபடியே கனெக்ஷன் பூலுக்குப் போகும், அந்தக் கனெக்ஷனை அடுத்து யாராவது எடுக்கும்வரையோ பூல் அதை மூடும்வரையோ மற்றவர்கள் அந்த லாக்கில் நிற்பார்கள். அந்த ஒரு செட் வரிதான் இதைத் தடுக்கிறது.

டிரான்சாக்ஷன் யார் கையில்

ஒரு இடத்தில் மட்டும் இருக்கட்டும். அப்ளிகேஷன் பல புரொசீஜர்களைச் சேர்த்து ஒரே டிரான்சாக்ஷனில் ஓட்டுகிறது என்றால் டிரான்சாக்ஷன் அப்ளிகேஷனுடையது, ஒவ்வொரு கமாண்டிலும் அந்த டிரான்சாக்ஷன் ஆப்ஜெக்டைக் கட்டாயம் கொடுக்க வேண்டும். எஸ்க்யூஎல் சர்வரில் உள்ளே இன்னொரு பிகின் டிரான் போட்டால் அது தனி டிரான்சாக்ஷன் ஆகாது, எண்ணிக்கை மட்டும் ஒன்று கூடும், உள் கமிட் எண்ணிக்கையைக் குறைக்கும். ஆனால் ரோல்பேக் அப்படியில்லை, வெளியே திறந்ததையும் சேர்த்து அனைத்தையும் தூக்கிவிடும், திரும்பி வரும்போது டிரான்சாக்ஷன் எண்ணிக்கை பொருந்தவில்லை என்ற எரர் 266 கூட வரலாம்.

மைஎஸ்க்யூஎலில் இது இன்னும் ஆபத்து. புரொசீஜருக்குள் ஸ்டார்ட் டிரான்சாக்ஷன் என்று எழுதினால், வெளியே திறந்திருந்த டிரான்சாக்ஷன் கேட்காமலே கமிட் ஆகிவிடும். அப்ளிகேஷன் பிறகு ரோல்பேக் சொன்னாலும் முந்தைய பாதி உள்ளேயே இருக்கும். போஸ்ட்கிரெஸில், வெளியே டிரான்சாக்ஷன் திறந்திருக்கும்போது புரொசீஜருக்குள் கமிட் எழுதியிருந்தால் நேரடியாக எரர். மூன்றில் அதுதான் நல்ல நடத்தை என்பது என் கருத்து, தப்பை உடனே சொல்லிவிடுகிறது.

மற்ற டேட்டாபேஸ்களில் இடறும் இடங்கள்

மைஎஸ்க்யூஎலில் கால் (CALL) என்ற கட்டளையால் அழைக்க வேண்டும். டெலிமிட்டர் என்ற கட்டளை சர்வருடையது அல்ல, கமாண்ட் லைன் கிளையண்டுடையது, ஆகவே மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பைப் படிப்படியாக மாற்றும் ஸ்கிரிப்ட்) கோடிலிருந்து புரொசீஜரை உருவாக்கும்போது அந்த வரியை அனுப்பினால் சின்டாக்ஸ் எரர்தான் கிடைக்கும். பிஎச்பியில் பிடிஓ வழியாக அவுட் பாராமீட்டரை நேரே பிடிக்க முடியாது, அந்த இடத்தில் @ஐடி போன்ற செஷன் வேரியபிளைக் கொடுத்து, அதே கனெக்ஷனில் செலக்ட் @ஐடி என்று அடுத்து எடுக்க வேண்டும். கால் ஒன்று வரிசைகளைத் திருப்பினால் அதன் பின்னால் ஒரு நிலைச் செய்தியும் வருகிறது, அதையும் படித்து முடிக்காமல் அடுத்த குவெரியை ஓட்டினால் "கமாண்ட்ஸ் அவுட் ஆஃப் சிங்க்" என்ற எரர் 2014. நெக்ஸ்ட்ரோசெட் சொல்லித் தீர்த்துவிடுங்கள், அல்லது குளோஸ்கர்சர். நோடில் மைஎஸ்க்யூஎல்2 பயன்படுத்துபவர்களுக்கும் இதே காரணத்தால்தான் வரிசைகள் ஒரு அரேக்குள் இன்னொரு அரேயாக வருகின்றன, முதலாவது உங்கள் டேட்டா, கடைசியில் இருப்பது நிலைத் தலைப்பு.

இன்னொன்று, இதை ஒவ்வொரு ரிவ்யூவிலும் தேடிப் பாருங்கள்: மைஎஸ்க்யூஎல் புரொசீஜரில் பாராமீட்டருக்கும் காலத்துக்கும் ஒரே பெயர் வைத்தால் பாராமீட்டர்தான் ஜெயிக்கும். அப்படியானால் வேர் ஐடி = ஐடி என்பது பாராமீட்டர் தன்னோடு தானே ஒப்பிடுவது, எல்லா வரிசைக்கும் உண்மை, அப்டேட் டேபிள் முழுவதையும் மாற்றிவிடும். ஆரக்கிளில் காலம் ஜெயிக்கும், விளைவு அதேதான். போஸ்ட்கிரெஸ் இயல்பாகவே எரர் கொடுத்து நிறுத்திவிடும். பி அண்டர்ஸ்கோர் என்ற முன்னொட்டைப் பாராமீட்டர்களுக்கு வைத்துவிட்டால் இந்தக் கவலையே இல்லை.

போஸ்ட்கிரெஸில் முதலில் கேட்க வேண்டிய கேள்வி: இது ஃபங்ஷனா புரொசீஜரா? உண்மையான புரொசீஜர் 2018-ல் வந்த 11-ம் பதிப்பில்தான் வந்தது. அதற்கு முன்னால் எழுதியவை எல்லாம் ஃபங்ஷன்கள், அவற்றை செலக்ட் மூலம் அழைக்க வேண்டும், புரொசீஜரை கால் மூலம். இந்த வேறுபாடு டிரைவர்களில் விதவிதமாக வெளிப்படுகிறது. டாட்நெட்டின் என்பிஜிஎஸ்க்யூஎல் 7.0 பதிப்பில் ஸ்டோர்டுபுரொசீஜர் கமாண்ட் டைப் செலக்டுக்குப் பதிலாக கால் அனுப்பத் தொடங்கியது, அதனால் அப்கிரேட் செய்த பழைய ஃபங்ஷன் அழைப்புகள் உடைந்தன. பைத்தானின் சைகோபிஜி2-வில் கால்பிராக் என்ற முறை பெயருக்கு மாறாக ஃபங்ஷனைத்தான் அழைக்கும், சைகோபிஜி 3-ல் அந்த முறையே இல்லை. கட்டளையை நீங்களே எழுதி எக்ஸிக்யூட்டில் கொடுப்பதுதான் எல்லாப் பதிப்பிலும் நிற்கும் வழி.

கிரியேட் ஆர் ரீப்ளேஸ் என்று சொல்லி ஒரு பாராமீட்டரைக் கூட்டினால் போஸ்ட்கிரெஸ் பழையதை மாற்றாது, அதே பெயரில் இரண்டாவது ஒன்றை உருவாக்கும். புதியதில் அந்தப் பாராமீட்டருக்கு இயல்பு மதிப்பும் இருந்தால், பழைய எண்ணிக்கையில் அழைப்பவருக்குப் பழைய கோடே ஓடிக்கொண்டிருக்கும், அல்லது எதை அழைப்பது என்று தெரியவில்லை என்ற எரர் வரும். பழையதை டிராப் செய்வதை மைக்ரேஷனிலேயே எழுதிவிடுங்கள்.

ஜாவாவில் காலபிள்ஸ்டேட்மெண்ட்: பிரிப்பேர்கால், ஒவ்வொரு இடத்துக்கும் கேள்விக்குறி, அவுட் இடங்களுக்கு ரெஜிஸ்டர்அவுட்பாராமீட்டர், பிறகு எக்ஸிக்யூட். கெட்லாங் நல்லுக்கும் 0 தான் தரும், வாஸ்நல் கேட்டுப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஆரக்கிளில் வரிசைகள் ரெஃப் கர்சர் என்ற அவுட் பாராமீட்டராக வருவது வழக்கம். ஆரக்கிளின் டாட்நெட் டிரைவரில் பைண்ட்பைநேம் இயல்பாக ஃபால்ஸ், அதாவது நீங்கள் பெயரோடு சேர்த்தாலும் சேர்த்த வரிசைப்படிதான் பொருத்தும். இரண்டு எண் பாராமீட்டர்கள் இடம் மாறினால் எரரே வராமல் உறுப்பினர் ஐடி புத்தக ஐடியாகிவிடும். முதல் வேலையாக அதை ட்ரூ ஆக்குங்கள்.

பட்டியல் அனுப்புவது, ஓஆர்எம் வழியாக அழைப்பது

ஐம்பது ஐடிகளை அனுப்ப ஐம்பது அழைப்பு வேண்டாம், காற்புள்ளி போட்ட சரமும் வேண்டாம். எஸ்க்யூஎல் சர்வரில் 2008 முதல் டேபிள் டைப் பாராமீட்டர் இருக்கிறது, புரொசீஜரில் அதை ரீட்ஒன்லி என்று அறிவிக்க வேண்டும். போஸ்ட்கிரெஸில் அரேவையே நேரடியாக அனுப்பலாம். மைஎஸ்க்யூஎலில் ஜேசன் அனுப்பி உள்ளே பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும்.

டேபிள் வரிசைகளை ஆப்ஜெக்டுகளாகக் கையாளும் லைப்ரரிதான் ஓஆர்எம். அந்த வகையான என்டிட்டி ஃபிரேம்வொர்க் கோரில் ஃப்ரம்எஸ்க்யூஎல் வழியாக அழைக்கும்போது மதிப்புகளைச் சுருள் அடைப்புக்குள் கொடுத்தால் அவை பாராமீட்டராக மாறும். ரா என்று முடியும் முறையில் நீங்களே சரத்தை ஒட்டினால் அந்தப் பாதுகாப்பு இல்லை. எக்ஸிக் கட்டளைக்குள் பாராமீட்டர் பெயர் சொல்லாமல் வெறும் மதிப்புகளை அடுக்கினால் புரொசீஜர் அறிவித்த வரிசைப்படி போகும், ஆகவே @புத்தக_ஐடி = என்று பெயரோடு எழுதுங்கள். முடிவின் மேல் வேர், ஆர்டர்பை என்று தொடர்ந்து அடுக்க முடியாது, ஃபிரேம்வொர்க் அதை உள் குவெரியாகச் சுற்றப் பார்க்கும், எக்ஸிக்கை அப்படிச் சுற்ற இயலாது. வடிகட்டுவது புரொசீஜருக்குள்ளேயே இருக்கட்டும். என் விருப்பம் கேட்டால், புரொசீஜர் அழைப்புக்கு டாப்பர் போன்ற எளிய லைப்ரரி இதைவிட வசதி.

எடிட்டரில் வேகம், அப்ளிகேஷனில் மெதுவு

இந்தக் கேள்வி எல்லாரிடமும் வரும். மேனேஜ்மெண்ட் ஸ்டூடியோவில் ஒரு விநாடி, வெப்பில் டைம்அவுட். முதல் அழைப்பில் வந்த மதிப்பைப் பார்த்து சர்வர் ஒரு பிளான் போடுகிறது, அடுத்தடுத்து வரும் மதிப்புகளுக்கும் அதே பிளான். முதலில் கேட்டவர் நாலு புத்தகம் எடுத்த உறுப்பினர், அடுத்தவர் நாலாயிரம் எடுத்த நிறுவன உறுப்பினர் என்றால் முன்னவருக்குப் போட்ட பிளான் பின்னவரை நசுக்கும். ஸ்டூடியோவில் அரித்அபார்ட் என்ற செட்டிங் ஆனிலும் ஏடிஓ டாட்நெட்டில் ஆஃபிலும் இருப்பதால் இரண்டுக்கும் பிளான் தனித்தனியே சேமிக்கப்படுகிறது, நீங்கள் ஸ்டூடியோவில் ஓட்டும்போது புதிதாக நல்ல பிளான் கிடைத்து "எனக்கு வேகமாகத்தானே வருகிறது" என்று தோன்றும். சோதிக்க, ஸ்டூடியோவில் செட் அரித்அபார்ட் ஆஃப் சொல்லிவிட்டு அதே மதிப்போடு ஓட்டுங்கள். மெதுவாக வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். அந்த ஒரு குவெரிக்கு மட்டும் ஆப்ஷன் ரீகம்பைல் போடலாம், அடிக்கடி அழைக்கப்படாத குவெரி என்றால் அந்தச் செலவு பரவாயில்லை. அரித்அபார்ட்டை அப்ளிகேஷனில் ஆன் செய்வது தீர்வு ஆகாது, பிளான் தற்செயலாக மாறியதால் சரியானது போல இருக்கும், கொஞ்ச நாளில் திரும்ப வரும்.

வெளியிடும்போது

புரொசீஜர்கள் கிட் (Git) என்ற கோட் சேமிப்பில் இருக்க வேண்டும், அப்ளிகேஷன் கோடோடு ஒரே ரெப்போவில். எஸ்க்யூஎல் சர்வர் 2016-ன் முதல் சர்வீஸ் பேக்கிலிருந்து கிரியேட் ஆர் ஆல்டர் இருக்கிறது, அதனால் ஒரே ஃபைலை எத்தனை முறை ஓட்டினாலும் கொடுத்த அனுமதிகள் போகாது. டிராப் செய்து உருவாக்கினால் கிராண்ட் எக்ஸிக்யூட் போய்விடும், லைவில் 229 வரும்.

புது பாராமீட்டர் சேர்க்கும்போது இயல்பு மதிப்போடு சேருங்கள், டேட்டாபேஸை முதலில் ஏற்றுங்கள், அப்ளிகேஷனை அடுத்து. நடுவில் பழைய அப்ளிகேஷன் பழையபடியே அழைத்தாலும் வேலை செய்யும். ஏற்றுவதில் முன்பின் மாறினால் புது அப்ளிகேஷன் பழைய புரொசீஜருக்கு அதிகமான பாராமீட்டர் அனுப்பி 8144 வாங்கும். பாராமீட்டரை நீக்குவதென்றால் தலைகீழ்: அப்ளிகேஷன் முதலில் நிறுத்தட்டும், ஓடும் எல்லா சர்வரிலும் புதுப் பதிப்பு வந்த பிறகு புரொசீஜரிலிருந்து எடுங்கள்.

டெஸ்டைப் பொறுத்தவரை, அழைக்கும் லேயரை மாக் செய்து (போலி ஒன்றை வைத்து) எழுதும் டெஸ்ட் இங்கே அதிகம் சொல்லாது, ஏனென்றால் மேலே சொன்ன கோளாறுகளில் பெரும்பாலானவை உண்மையான டேட்டாபேஸோடு பேசும்போதுதான் தெரியும். கன்டெய்னரில் லைவில் இருக்கும் அதே டேட்டாபேஸ், அதே பதிப்பை எழுப்பி, மைக்ரேஷனை ஓட்டி, அழைத்துப் பாருங்கள். ஒரு பிரதி மட்டும் உள்ள புத்தகத்துக்கு இருபது டாஸ்க்குகளை ஒரே நேரத்தில் ஓடவிட்டு, ஒன்று வெற்றி, மீதி பத்தொன்பதும் 50001 என்று வருகிறதா என்று சரிபாருங்கள். நீள எல்லையைத் தாண்டிய குறிப்பு, நல் குறிப்பு, தமிழில் குறிப்பு, இந்த மூன்றையும் எழுதித் திரும்பப் படித்து ஒப்பிடுங்கள். டெஸ்டும் லைவ் அக்கவுண்டின் அதே குறைந்த அனுமதியோடுதான் இணைய வேண்டும்.

மைஎஸ்க்யூஎல் வைத்திருப்பவர்கள் பேக்கப் ஸ்கிரிப்டை இன்றே திறந்து பாருங்கள். மைஎஸ்க்யூஎல்டம்ப் இயல்பாகப் புரொசீஜர்களை எடுப்பதில்லை, ரூட்டீன்ஸ் என்ற ஆப்ஷனைச் சேர்த்தால்தான் எடுக்கும். டேபிள்களும் டேட்டாவும் முழுதாக வந்திருப்பதால் ரெஸ்டோர் வெற்றி என்றே தோன்றும், முதல் கால் அழைப்பில்தான் புரொசீஜர் இல்லை என்ற 1305 வரும். ரெஸ்டோர் ஒத்திகையின் கடைசிப் படியாக ஒரு புரொசீஜர் அழைப்பையும் சேர்த்துவிடுங்கள்.